யானைக்குக் கட்டெறும்பு என்று பெயர்

ஜனவரி 12

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மருமகள் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? அத்தைக்கு இருமல் விட்டதா? போனில் கேட்கலாம் என்றால் நீங்கள் "ஆங்? ஆங்?" என்று கத்த, நான் பதிலுக்குக் கத்த, பக்கத்து வீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்க்கிறார். அதனால்தான் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். கட்டெறும்புக்கு இந்த வருஷம் வெள்ளிவிழா மாமா! முதல் புத்தகம் வந்து இருபத்தைந்து வருஷம் ஆகிவிட்டது என்று பதிப்பாளர் அம்மா சொல்லித்தான் எனக்கே உறைத்தது. கெட்டி அட்டை போட்டுப் பெரிய அளவில் ஒரு பதிப்பு கொண்டுவருகிறார்கள். கடைசிப் பக்கத்தில் "கட்டெறும்புக்கு அந்தப் பேர் எப்படி வந்தது?" என்று நான் எழுத வேண்டுமாம்.

எந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கதை சொல்லப் போனாலும் முதல் கேள்வி இதுதான். "யானைக்கு ஏன் எறும்பு பேரு?" நானும் "அதுக்குப் பிடிச்சிருந்துது, வெச்சுக்கிச்சு" என்று இத்தனை நாள் சமாளித்துவிட்டேன். பிள்ளைகள் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். போன மாதம் ஒரு வாண்டு, முன்பல் இரண்டையும் காணோம், எழுந்து நின்று இடுப்பில் கை வைத்து "பொய் சொல்றீங்க" என்றாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஐந்து வயதில் எனக்கு இதயத்தில் ஆபரேஷன். அந்த ஆஸ்பத்திரியில்தான் நீங்கள் தியேட்டருக்கு ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டிருந்தீர்கள். நான் கண் விழித்தபோது பக்கத்தில் ஒரு துணி யானை படுத்திருந்தது. அதன் காலில் பேர் எழுதியிருந்தது. அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தேன். அம்மாவைக் கேட்டால், "யானையும் பேரும் சேர்ந்தேதான் வந்துச்சு" என்பாள். இன்னும் கிளறினால் அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று எழுந்து போய்விடுவாள். இப்போது கேட்க அம்மா இல்லை, நீங்கள்தான் இருக்கிறீர்கள். அந்த யானையை யார் வாங்கித் தந்தது? பேர் யார் வைத்தது? ஏப்ரல் கடைசிக்குள் நான் பக்கத்தைக் கொடுக்க வேண்டும்.

அத்தைக்கு என் அன்பு.

உங்கள் மருமகள்


ஜனவரி 30

என் அருமை மருமகளுக்கு மாமா எழுதுவது,

நாங்கள் நலமாக இருக்கிறோம் என்று எழுதத்தான் ஆசை. வலது காது ஓய்வு பெற்றுவிட்டது. இடது காது விண்ணப்பம் கொடுத்திருக்கிறது. முழங்கால் மட்டும் இன்னும் வேலை செய்கிறது, அதாவது வலிக்கிற வேலை. உன் அத்தையின் இருமல் நின்றுவிட்டது. அந்த இடைவெளியையும் சேர்த்து என்னைத் திட்டுகிறாள்.

தண்ணீர் மோட்டார் கெட்டுப்போய் மூன்று ஆட்கள் வந்து பார்த்தார்கள். ஒருவன் கம்பி போச்சு என்றான், ஒருவன் காற்று புகுந்துவிட்டது என்றான், மூன்றாமவன் சுவிட்சைப் போட்டான், ஓடியது. மாடிப்படிக்குக் கைப்பிடி வைத்தாயிற்று. எதிர்வீட்டில் வெள்ளையடித்தார்கள். வெள்ளையடித்த ஆள் என்னைவிடக் கிழவர், ஏணியில் என்ன விறுவிறுப்பாக ஏறுகிறார் தெரியுமா!

நீ கேட்டது பற்றி. அது ஆகிவிட்டது எத்தனையோ காலம். ஏதோ ஒரு பொம்மை, ஏதோ ஒரு பேர். குழந்தைகளுக்கு வேண்டியபடி அழகாக நீயே ஒன்றை இட்டுக்கட்டி எழுதிவிடேன். அதுதானே உன் தொழில்?

வெள்ளிவிழாவுக்கு எங்கள் ஆசீர்வாதம். நேரத்துக்குச் சாப்பிடு, நெஞ்சு டாக்டரிடம் வருஷாவருஷம் தவறாமல் போ.

உன் மாமா

பி.கு.: யானையின் காலில் இருக்கிற பிளாஸ்திரியைப் பிய்த்துவிடாதே.


பிப்ரவரி 6

அன்புள்ள மாமாவுக்கு,

சுகம்தான். மோட்டார் ஓடுவதில் மகிழ்ச்சி. எதிர்வீட்டுச் சுவரைப் பற்றி இவ்வளவு விவரம் எழுதின மனுஷர் நான் கேட்டதை மட்டும் தாண்டிப் போய்விட்டீர்களே!

காலில் பேர் எழுதியிருந்தது என்று மட்டும்தான் நான் எழுதினேன். பிளாஸ்திரி என்று நான் சொல்லவில்லை. பிளாஸ்திரியை நான் பார்த்துப் பல வருஷம் ஆகிறது. அது உரிந்துவிடக் கூடாதென்று அம்மா அதன்மேல் ஒரு துண்டுத் துணியை வைத்துச் சுற்றித் தைத்து, அதில் நூலால் அதே பேரைப் போட்டுவிட்டாள். உங்கள் பின்குறிப்பைப் படித்ததும் கைகள் சும்மா இருக்கவில்லை. சின்னக் கத்தரிக்கோலால் ஒவ்வொரு தையலாக வெட்டித் துணியை எடுத்தேன். பிளாஸ்திரி காய்ந்து பழுப்பேறிக் கிடக்கிறது. எழுத்து மங்கியிருந்தாலும் படிக்க முடிகிறது.

கட்டெறும்பு. அந்த "று"வின் வாலை இப்படிச் சுழித்து மேலே கொண்டுபோகிற ஆள் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான் மாமா. உங்கள் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை.

அதற்குக் கீழே இன்னொரு வரி இருக்கிறது. "ஜன்னலோரக் கட்டில்." பொம்மையின் பேருக்குக் கீழே கட்டில் எதற்கு? என் கட்டில் கதவோரம் இருந்தது, அதனால்தான் போகிற வருகிற எல்லோரும் என் கன்னத்தைக் கிள்ளினார்கள் என்று அம்மா எத்தனை முறை சொல்லியிருக்கிறாள்! அப்படியானால் ஜன்னலோரம் யார் இருந்தது?

நீங்கள் எழுதினதுதான். நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் மருமகள்


மார்ச் 9

கண்ணு,

அத்தை எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். நீ சுகமா? மாப்பிள்ளை சுகமா?

உன் கடிதம் வந்து ஒரு மாசம் ஆகிறது, இவர் பதில் போடவில்லை என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். தினம் காலையில் காபி குடித்துவிட்டு மேஜைமுன் உட்காருகிறார். பேனாவைத் திறக்கிறார், மூடுகிறார். "என்னதான் எழுதுறீங்க?" என்று கேட்டால் "தேதி போட்டுட்டேன்" என்கிறார். அந்தத் தேதி போட்ட தாளெல்லாம் என்னிடம் சேர்ந்து கிடக்கிறது. பால் கணக்கு எழுத ஆகும்.

மனுஷன் ஒரு நாளும் ஆஸ்பத்திரியை வீட்டுக்குள் கொண்டுவந்ததில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அதையும் கழற்றி வைத்துவிடுவார். நானும் கேட்டதில்லை. நேற்று நானே சத்தம் போட்டேன். "அவ என்ன இன்னும் ஸ்ட்ரெச்சர்ல படுத்துருக்கற குழந்தையா? தலை நரைச்சிருச்சு அவளுக்கு. சொல்லுங்க, தாங்குவா" என்றேன். எழுதுவார். அவசரப்படுத்தாதே.

அத்தை


மார்ச் 15

என் அருமை மருமகளுக்கு,

மாமா எழுதுவது. நலம். அத்தை உனக்குத் தனியாகக் கடிதம் போட்டதைப் பெருமையாகச் சொன்னாள். உன் தலை நரைத்துவிட்டது என்றும் எழுதினாளாம். அதற்கு நான் பொறுப்பில்லை.

அந்த வார்டில் ஒரு பழக்கம் இருந்தது. ஆபரேஷனுக்குப் போகிற பிள்ளையின் மணிக்கட்டில் பிளாஸ்திரி ஒட்டிப் பேர் எழுதுவோம். அதே மாதிரி, போர்வையோ பிளாஸ்கோ செருப்போ, எது வார்டை விட்டு வெளியே போனாலும் அதிலும் ஒரு பிளாஸ்திரி ஒட்டி, யாருடையது, எந்தக் கட்டில் என்று எழுத வேண்டும். எழுதாவிட்டால் சலவைக்கூடம் விழுங்கிவிடும், திரும்ப வராது.

ஜன்னலோரக் கட்டிலில் ஒரு பெண் குழந்தை இருந்தாள். உன்னைவிட இரண்டு வயது பெரியவள் இருப்பாள். ஊசியோடு யார் வந்தாலும் கடித்துவிடுவாள். என் கட்டைவிரலையும் ஒருநாள் பதம் பார்த்தாள். கடித்தால் லேசில் விடமாட்டாள். கட்டெறும்பு என்று நான்தான் கூப்பிட ஆரம்பித்தேன். அவளுக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். அவளுடைய மணிக்கட்டிலும் அதைத்தான் எழுத வேண்டியதாயிற்று.

உன்னை ஆபரேஷனுக்குக் கூட்டிப்போக வந்த காலையில் நீ கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு போட்ட கூச்சலில் வார்டே எழுந்து உட்கார்ந்துவிட்டது. உன் அம்மா ஒரு பக்கம் அழுகிறாள். எத்தனையோ பிள்ளைகளைத் தள்ளிக்கொண்டு போனவன் நான். அன்றைக்கு எனக்கே தள்ள மனசு வரவில்லை. அப்போது அந்தப் பெண், காலில் தட்டுகிற கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தன் துணி யானையைத் தரையில் இழுத்தபடி வந்தாள். "இத வெச்சுக்கோ. யானை கூட வந்தா உள்ள யாரும் உன்னை ஒண்ணும் பண்ணமாட்டாங்க" என்றாள். நீ சட்டென்று வாயை மூடிவிட்டாய். கம்பியை விட்டாய், யானையைப் பிடித்தாய்.

பிறகு என்னைப் பார்த்து, "வெளிய வந்ததும் குடுத்துடணும். எனக்கு நாளைக்கு வேணும்" என்றாள். அவளுக்கு ஆபரேஷன் மறுநாள். "நானே கொண்டாந்து தர்றேன் தாயே" என்றேன். யானை தொலைந்துவிடக் கூடாதே என்று பிளாஸ்திரி ஒட்டி அவள் பேரையும் அவள் கட்டிலையும் எழுதினேன். நீ கண் விழித்தாய். உன் கையில் உன் பேர் இருந்தது, யானையின் காலிலும் ஒன்று இருந்தது. அது யானையின் பேர் என்று நினைத்துக்கொண்டாய். அது யானையின் பேர் இல்லையம்மா. அது யானையின் சொந்தக்காரி பேர்.

அன்று சாயங்காலமே உனக்கு மூச்சு முட்டியது. பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். ஆம்புலன்ஸில் நானும் ஏறிக்கொண்டேன். யானை உன் கைக்குள் இருந்தது, பிரிக்க முடியவில்லை, பிரிக்க யாருக்கும் மனசும் இல்லை. நீ தேறி, நான் வேலைக்குத் திரும்பியபோது ஜன்னலோரக் கட்டிலில் வேறொரு பிள்ளை இருந்தது.

அதற்குப் பிறகு எனக்குத் தெரியாது.

மாமா


மார்ச் 21

மாமா,

சுகம் விசாரிக்கக்கூட எனக்குக் கை ஓடவில்லை. மன்னியுங்கள்.

தெரியாது என்றால் என்ன அர்த்தம்? அவள் பிழைத்தாளா இல்லையா?

உங்கள் கடிதத்தை எத்தனை முறை படித்தேனோ தெரியாது. "எனக்கு நாளைக்கு வேணும்" என்ற இடத்துக்கு வந்ததும் அதற்குமேல் படிக்க முடியவில்லை. நான் எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அவள் மறுநாள் வெறுங்கையோடு உள்ளே போயிருக்கிறாள். அந்த யானையைக் கட்டிக்கொண்டு நான் வளர்ந்தேன், அதை வரைந்து பேர் வாங்கினேன், வீடு வாங்கினேன், என் பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது அவள் பேர். ஊரெல்லாம் பிள்ளைகள் கூப்பிடுவது அவளைத்தான்.

பதிப்பாளர் அம்மாவுக்கு "அதுக்குப் பிடிச்சிருந்துது, வெச்சுக்கிச்சு" என்று ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். கிழித்துப் போட்டுவிட்டேன். அவள் என்ன ஆனாள் என்று தெரியாமல் நான் எதையும் எழுத முடியாது. யாரையாவது கேளுங்கள் மாமா. அந்த வார்டில் இருந்தவர்கள் யாராவது இருப்பார்கள். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், வலிக்கிற கால் என்று தெரிந்தே கேட்கிறேன்.

உங்கள்மேல் கோபம் இல்லை. அதை முதலில் எழுதியிருக்க வேண்டும்.

மருமகள்


ஏப்ரல் 11

என் அருமை மருமகளுக்கு,

நாங்கள் நலம். கோபம் இல்லை என்று நீ எழுதிய வரியை அத்தை எனக்கு இரண்டு தரம் படித்துக் காட்டினாள். கண்ணாடி போட்டுக்கொண்டு நானும் ஒரு தரம் படித்தேன்.

நான் ஏன் அப்போதே கேட்கவில்லை என்று உனக்குள் ஓடும். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவனிடம் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். நானாகக் கேட்டால்தான் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்டுக்கொண்டிருந்தேன். சில பதில்களுக்குப் பிறகு ராத்திரி தூக்கம் போயிற்று, சோறு இறங்கவில்லை. கேட்பதை நிறுத்திவிட்டேன். என் ஸ்ட்ரெச்சரில் ஏறின பிள்ளைகள் எல்லாம் நன்றாக இருக்கிறார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டுதான் மறுநாள் வேலைக்குப் போவேன். உன் கட்டெறும்பு விஷயத்தில் மட்டும் அந்தக் கணக்கு எனக்கு உதவவில்லை. உன் அம்மா பிளாஸ்திரியை மூடித் தைத்ததும் அதனால்தான். "கேட்டுடாதீங்க அண்ணா, யாராவது வேற மாதிரி சொல்லிட்டா நான் இந்த யானைய எங்க கொண்டுபோய் வெப்பேன்" என்றாள்.

போன வாரம் அத்தையைக் கூட்டிக்கொண்டு எங்கள் பெரிய சிஸ்டரைப் பார்க்கப் போனேன். வார்டை நடத்தினவர். அவர் ரிட்டையர் ஆகியே ஒரு யுகம் ஆகிறது. மகள் வீட்டு மாடியில் இருக்கிறார். நாங்கள் ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்டு படியேறினோம். பார்த்ததும் நலம்கூடக் கேட்கவில்லை, "முழங்கால நீட்டு" என்றார். அமுக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்ச நாள் ஓடும்" என்றார்.

கட்டெறும்பு என்றதும் சிரித்துவிட்டார். "இந்த விரல்லதான் கடிச்சா!" என்று விரலைத் தூக்கிக் காட்டினார். பிறகு நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். பாதிதான். மீதியை அத்தைதான் கேட்டாள். சிஸ்டர் அந்த விரலைத் தடவிக்கொண்டே, "எத்தனை புள்ளைங்கப்பா. வீட்டுக்குப் போனதுங்க முகமெல்லாம் மறந்துபோச்சு. போய்ச் சேர்ந்ததுங்க முகம் ஒவ்வொண்ணும் ஞாபகத்துல இருக்கு. அந்த வரிசையில அவள நான் பாக்கல. அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும். சத்தியம் பண்ணுன்னு கேக்காத" என்றார்.

பழைய கோப்பெல்லாம் எப்போதோ கழித்துவிட்டார்களாம். இதற்குமேல் எனக்கு வழி தெரியவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். அவள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நீ அவளுக்கு நன்றி சொல்லலாம். நான் சொல்லாமலே இருந்துவிட்டேன். உன் அம்மாவும் சொல்லவில்லை. எங்களுக்கும் சேர்த்து நீ சொல்லு.

மாமா


ஏப்ரல் 17

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்களும் அத்தையும் அந்தப் படிகளை ஏறினதற்கு என்ன சொல்லி நன்றி சொல்வேன்! முழங்காலுக்குத் தைலம் தனியாக அனுப்பியிருக்கிறேன். அத்தையைத் தேய்த்துவிடச் சொல்லுங்கள், திட்டிக்கொண்டே தேய்த்தாலும் பலன் உண்டு.

பக்கத்தை எழுதி அனுப்பிவிட்டேன். உங்களுக்காக இங்கே படி எடுத்திருக்கிறேன்:

"குழந்தைகளே, பேர் எப்படி வந்தது என்று கேட்டபோதெல்லாம் எனக்குத் தெரியாமலேயே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய் என்று ஒரு பெண் எழுந்து சொன்னாள். அவளுக்கு என் வணக்கம். உண்மை இதுதான். கட்டெறும்பு ஒரு சிறுமி. ஆஸ்பத்திரியில் ஜன்னலோரக் கட்டிலில் இருந்தாள், நன்றாகக் கடிப்பாள். எனக்கு ஆபரேஷன் நடந்த நாளில் நான் பயந்து அழுதேன். அவள் தன் யானையை எனக்குக் கொடுத்தாள். மறுநாள் அவளுக்கு ஆபரேஷன். யானை அவளிடம் திரும்பிப் போகவில்லை. நான் அவளைப் பார்க்கவும் இல்லை. அவள் இப்போது எங்கே இருக்கிறாள், இருக்கிறாளா என்றுகூட எனக்குத் தெரியாது. கட்டெறும்பே, நீ கொடுத்த யானையைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போனேன், வெளியே வந்தேன். இந்தப் புத்தகங்கள் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. உனக்கு நன்றி. என் அம்மாவும் மாமாவும் நன்றி சொல்கிறார்கள்."

கடைசிப் பக்கம் குழந்தைகளுக்குக் கனமாக இருக்குமோ என்று பதிப்பாளர் அம்மா யோசித்தார். பிறகு அவரே போன் செய்து, "ஒரு எழுத்தும் மாத்தவேண்டாம்" என்றார். அவருக்கு ஜலதோஷம் பிடித்த குரல். கோடையில் என்ன ஜலதோஷமோ.

உங்கள் மருமகள்


ஜூலை 3

மதிப்புக்குரிய எழுத்தாளர் அவர்களுக்கு,

வணக்கம். என்னை உங்களுக்குத் தெரியாது என்று எழுதத் தொடங்கி அடித்துவிட்டேன். நான் ஒரு பல் டாக்டர். ஊசியோடு வந்தவர்களை எல்லாம் கடித்தவள் இப்போது ஊசியோடு நிற்கிறேன். என்னைப் பிள்ளைகள் கடிக்கிறார்கள். நீங்கள் மாமா, மாமா என்று கூப்பிட்ட அந்த ஸ்ட்ரெச்சர்காரரிடம் சொல்லுங்கள், அவர் கட்டைவிரலுக்கு வட்டியும் முதலுமாகக் கட்டிவிட்டேன்.

இனிமேல் உன்னை நீ என்றே எழுதுகிறேன். இரண்டு வயது பெரியவள் என்ற உரிமை.

மறுநாள் காலையில் நான் எழுந்தபோது உன் கட்டிலில் மெத்தை சுருட்டி வைத்திருந்தது. அந்த வார்டில் மெத்தையைச் சுருட்டினால் என்ன அர்த்தம் என்று எங்களுக்கெல்லாம் தெரியும், பெரியவர்கள்தான் எங்களுக்குத் தெரியாதென்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். என் அம்மாவைக் கேட்டேன். "வேற ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கா" என்றார். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார். நான் நம்பவில்லை. நீ செத்துப்போய்விட்டாய் என்று நினைத்தேன். யானையைக் கேட்டு நான் அழவில்லை. நீ தனியாகப் போகவில்லை, யானை கூட இருக்கிறது, அந்த மட்டில் நல்லது என்று என்னை நானே தேற்றிக்கொண்டுதான் தியேட்டருக்குள் போனேன். மயக்க மருந்து டாக்டரைக் கடித்தேன். பிழைத்துக்கொண்டேன்.

நான் தொழில் ஆரம்பித்த புதிதில் ஒரு குழந்தை வாயைத் திறக்கமாட்டேன் என்று அடம்பிடித்தது. கையில் ஒரு படப்புத்தகம். "உன் புக்கு பேர் என்ன?" என்று பேச்சுக் கொடுத்தேன். அட்டையைத் தூக்கி என் முகத்துக்கு நேரே காட்டியது. யானை. கட்டெறும்பு. நான் கையிலிருந்த சின்னக் கண்ணாடியைத் தட்டில் வைத்துவிட்டு வெளியே வராந்தாவுக்குப் போய்விட்டேன். அந்தக் குழந்தையின் அப்பா பதறிப்போய் என் பின்னாலேயே வந்து, "பல்லு அவ்வளவு மோசமா இருக்கா டாக்டர்?" என்று கேட்டார்.

என் பேரும் என் யானையும் உன்னிடம்தான் இருந்தன. நீ இருக்கிறாய் என்பதற்கு அதைவிட எனக்கு வேறு என்ன வேண்டும்? அன்றிலிருந்து உன் ஒவ்வொரு புத்தகத்தையும் வாங்கினேன். கதையைப் படிக்கும் முன்னால் பின்னட்டையில் உன் படத்தைப் பார்ப்பேன். ஒரு வருஷம் மெலிந்திருந்தாய், எனக்கு அடுத்த புத்தகம் வரும்வரை நிம்மதி இல்லை. ஏன் எழுதவில்லை என்று கேட்பாய். உனக்கு என்னை ஞாபகம் இருக்கும், நான் நலம் என்றும் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டேன். பேரை எடுத்து அட்டையிலேயே போட்டவளுக்கு நான் யாரென்று தெரியாது என்று எப்படித் தோன்றும்? "இருக்கிறாளா என்றுகூடத் தெரியாது" என்று இந்தப் பதிப்பில் நீ எழுதியிருந்ததைப் படித்ததும் நாற்காலியில் நோயாளி காத்திருக்க, உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

இருக்கிறேன். கொஞ்சம் பருத்திருக்கிறேன். சனிக்கிழமை மதியத்துக்குமேல் கிளினிக்கில் கூட்டம் இருக்காது.

அன்புடன்,
கட்டெறும்பு


ஜூலை 20

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

நான் சுகம். கட்டெறும்பும் சுகம். அதை எழுதத்தான் இந்தக் கடிதம்.

அவர் கடிதத்தை உங்களுக்கு அனுப்பியிருந்தேனே, அது கிடைத்ததும் அத்தை போனில் பேசினார்கள். நீங்கள் அதைப் படித்துவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டீர்கள் என்றும், கூப்பிட்டதற்குக் காது கேட்காதது மாதிரி இருந்தீர்கள் என்றும் சொன்னார்கள். "நெஜமாவே கேக்கலையோ என்னவோ" என்றார்கள். எனக்குத் தெரியும் மாமா.

நேற்றுப் போய்விட்டு வந்தேன். ஒரு மருந்துக்கடைக்கு மேலே மாடியில் கிளினிக். வாசலில் பிள்ளைகளின் செருப்புகள் தாறுமாறாகக் கிடந்தன. காத்திருக்கிற அறையில் என் புத்தகங்கள் எல்லாம் இருந்தன, ஓரங்களைப் பிள்ளைகள் கடித்து வைத்திருந்தார்கள். ஒரு சின்னப்பெண் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் மடியில் இருந்த துணி யானையையும் அட்டையிலிருந்த யானையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது நெஜ கட்டெறும்பா?" என்று கேட்டாள். "நெஜ கட்டெறும்பு உள்ள இருக்காங்க" என்றேன். பாவம், அதற்குப் பிறகு அவள் உள்ளே போகவே மாட்டேன் என்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

அவர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். குட்டையாக, குண்டாக, வெள்ளைக் கோட்டுப் பையில் பேனா கசிந்த கறையோடு. வழியெல்லாம் நான் பேச வேண்டியதை யோசித்துக்கொண்டு போயிருந்தேன். இரவல் வாங்கினதைத் திருப்பித் தர வந்திருக்கிறேன் என்று தொடங்குவதாக இருந்தேன். யானையை மட்டும் நீட்டினேன். வாங்கினார். ஒரு பார்வை பார்த்தார். மேஜைமேல் வைத்துவிட்டு என் கையைப் பிடித்தார். குலுக்கப்போகிறார் என்று நினைத்தேன். மணிக்கட்டைத் திருப்பி, விரல்களை வைத்து, நாடி பார்க்க ஆரம்பித்தார்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கன்னம் வீங்கின பெண்கூட அழுகையை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா அடிக்குது" என்றார்.

"உங்களோடது?" என்று கேட்டேன்.

கையை நீட்டினார். எனக்கு நாடி பார்க்கத் தெரியாது மாமா. ஆனாலும் பிடித்துக்கொண்டே நின்றேன்.

உங்கள் மருமகள்